பி செக்‌ஷனுக்குக் கிடையாது

செப். 8, திங்கள்

காலையில் மேகமூட்டம், மழை இல்லை. உக்கடத்தில் பஸ் இருபது நிமிடம் நின்றுவிட்டது. கல்லூரிக்குள் நுழையும்போது முதல் மணி அடித்தாயிற்று.

இன்று:
தப்புத்தாள் 7, அறுபத்திரண்டு பிரதி. ஒவ்வொன்றிலும் எண் போட வேண்டும்.
ஏ செக்‌ஷன் இரண்டாம் பீரியட். பி செக்‌ஷன் ஐந்தாம் பீரியட்.
கள நோட்டு, இரண்டு வகுப்புக்கும்.
பாப்பாவின் கண்ணாடி. அதன் கால் உடைந்து நூல் சுற்றியிருக்கிறாள்.
கறிவேப்பிலை.

ஏ-யில் வழக்கம்போலச் சந்தைக்கடை. தாளில் முழுக்கணக்கும் போட்டிருக்கும். எங்கேயோ ஒரு தப்பு, நானே வைத்தது. இரண்டிரண்டு பேராக உட்கார்ந்து அதைப் பிடிக்க வேண்டும். பேசுவது தமிழில், எழுதுவது மட்டும் ஆங்கிலத்தில். 'தப்புத்தாள்' அவர்கள் வைத்த பெயர். ஆராய்ச்சி விண்ணப்பத்தில் அரை வரி நீளத்துக்கு ஒரு பெயர் கொடுத்திருக்கிறேன், எனக்கே அது மறந்துபோகிறது. இன்றைய தப்பு ஏழாவது வரியில் ஒரு மைனஸ். மூன்றாவது பெஞ்சில் ஒருத்தன் பக்கத்தில் இருப்பவனிடம், "அங்க பிளஸ் எப்படிடா வந்துச்சு, அவ என்ன மந்திரமா போட்டா?" அவ என்பது நான். காது கேட்காதது போல நகர்ந்துவிட்டேன். சந்தோஷமாக இருந்தது.

கடைசியில் தாள்களைத் திரும்ப வாங்கி எண்ணிப் பையில் வைத்தேன். 62. வெளியே போகக்கூடாது.

ஐந்தாம் பீரியட் பி. போர்டு, சாக்பீஸ். நான் எழுத எழுத ஐம்பத்தொன்பது தலைகள் குனிந்து எழுதின. ஒரு சத்தம் இல்லை. மின்விசிறி மட்டும்.

இதை எழுதி வைக்கிறேன், யாரையும் குறை சொல்ல முடியாது என்று எனக்கே ஞாபகம் இருக்கட்டும். விண்ணப்பித்தபோது பல்கலைக்கழகத்தில் நேர்காணல். கற்பித்தலை மேம்படுத்தும் ஆராய்ச்சிக்கு நிதி நல்கை, எங்கள் கல்லூரியிலிருந்து நான் ஒருத்திதான். நரைமீசைப் பேராசிரியர் ஒருவர் கேட்டார், "பிள்ளைக நல்லாப் படிச்சா அது உங்க தாளால, இல்ல உங்க உற்சாகத்தால, எப்படிம்மா பிரிச்சுப் பார்ப்பீங்க?" கேட்டது அவ்வளவுதான். நான்தான் முந்திக்கொண்டு, இன்னொரு செக்‌ஷனை நானே பழைய முறையில் நடத்துகிறேன், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். உத்தரவில் என் வாக்கியத்தையே நிபந்தனையாக அச்சடித்து அனுப்பிவிட்டார்கள். தாள்கள் பி-க்குப் போகக்கூடாது. முறையில் மாற்றம் என்றால் குழுவின் எழுத்து அனுமதி வேண்டும். கீழே என் கையெழுத்து.

கறிவேப்பிலை மறந்துவிட்டேன்.

செப். 9, செவ்வாய்

காற்று. ஸ்டாஃப் ரூம் ஜன்னல் கொக்கி போய்விட்டது, பேப்பர் சொருகி வைத்திருக்கிறோம்.

பி-க்குப் போகும் முன் பழைய நோட்டைப் புரட்டுவது இப்போது வழக்கம். வேலைக்குச் சேர்ந்த வருடத்து நோட்டு. 'வழக்கமான முறை' என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன் அல்லவா, அப்படியென்றால் அந்தக் காலத்து நான் மாதிரி நடத்த வேண்டும். ஓரத்தில் பென்சிலில் 'ஜோக்' என்று இருக்கிறது. என்ன ஜோக் என்று இல்லை. யோசித்து யோசித்துக் கண்டுபிடித்தேன், எஸ்.டி.டி. பூத் பற்றியது. சொன்னேன். எஸ்.டி.டி. பூத் என்றால் என்னங்க மேடம் என்று கேட்டார்கள்.

சௌம்யா இன்று கை தூக்கினாள். இரண்டாவது வரிசைக் கடைசி, கல்லூரியின் தொண்டாமுத்தூர் பஸ்ஸில் வருகிற பெண், பன்னிரண்டாவது வரை தமிழ் மீடியம். "மேடம், அந்த மைனஸு அடுத்த வரியில ஏனுங்க காணோம்?" நல்ல கேள்வி. ஏ-யில் நேற்று அதற்காகத்தான் முக்கால் மணி நேரம் அடித்துக்கொண்டார்கள்.

நின்றேன். பழைய நான் என்ன சொல்லியிருப்பேன்? "ஃபார்முலா அப்படித்தான்மா, நல்லா கவனி" என்று சொல்லி அதே வரியை மறுபடி எழுதியிருப்பேன். அப்படியே செய்தேன். எழுதிக்கொண்டாள். புரியவில்லை என்று முகத்திலேயே தெரிந்தது. கொடுமை என்னவென்றால் அந்த வருடங்களில் இப்படித்தான் எல்லோருக்கும் நடத்தினேன், ஒரு நாளும் உறுத்தவில்லை. இப்போது தெரிந்தே செய்கிறேன்.

கள நோட்டில்: 'பி: ஒரு சந்தேகம், வழக்கமான முறையில் விளக்கப்பட்டது.'

செப். 11, வியாழன்

முதல் இன்டர்னல் மார்க் வந்தாயிற்று. ஏ எங்கேயோ, பி எங்கேயோ. ஏ-யில் தவறியவர்களை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். பி-யில் பாதிப் பேர் போனார்கள்.

எச்.ஓ.டி.க்குத் தலைகால் புரியவில்லை. நல்ல மனிதர், ஓய்வுக்கு இரண்டு வருடம், இந்த நல்கையில் துணை ஆய்வாளராக அவர் பெயரும் இருக்கிறது. பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவெல்லாம் நடந்தார். "ஏனுங்க மேடம், இந்த ஒரு படம் போதுமுங்க. ரெண்டு கோடு. ஒண்ணு மேல, ஒண்ணு கீழ. காலேஜுக்குத் தரம் போடற குழு வரும்போது சொவத்துல பெருசா ஒட்டிப்போடலாமுங்க."

எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். ஏ விடைத்தாள்களில் ஒரு வினோதம். தப்பு வரக்கூடிய வரியைச் சுற்றிப் பென்சிலால் ஒரு கட்டம் போட்டுவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறார்கள். நான் சொல்லிக்கொடுத்ததில்லை. தாள்களில் தேடித் தேடி அவர்களாகப் பிடித்துக்கொண்ட பழக்கம். கட்டங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பிறகு பி கட்டை எடுத்தேன். சௌம்யா, ஐம்பதுக்கு 11. அந்த மைனஸைத் தொலைத்திருக்கிறாள்.

கீழ்க்கோடு தானாக வரவில்லை, நான் வரைந்தது.

செப். 12, வெள்ளி

சாம்பாரில் உப்பு போடவில்லை. இவர் டிபன் பாக்ஸைத் திருப்பிக் கொண்டுவந்து அப்படியே சிங்கில் வைத்தார்.

மதியம் சௌம்யா ஸ்டாஃப் ரூம் வாசலில். உள்ளே வரச் சொல்லியும் வாசற்படியிலேயே நின்றாள். கண் சிவந்திருந்தது. அழுதாயா என்றேன்.

"இல்லீங்க மேடம். தோட்டத்துல யானை வந்துபோச்சுங்க. வாழையெல்லாம் மிதிச்சுப்போட்டுது. அப்பா கூட நானும் தகரம் தட்டீட்டு இருந்தனுங்க. தூக்கமில்ல."

"மார்க் பத்திப் பேசவா வந்தே?"

"ஆமாங்க." என்றாள். "எம்-ஒன், எம்-டூ கணக்குப் பேப்பர் ரெண்டுலயும் அரியர்ங்க மேடம். இதுவும் போச்சுன்னா நான் நின்னுக்கறனுங்க. ஆபீஸ்ல டி.சி. ஃபாரம் வாங்கி வெச்சிருக்கனுங்க. அப்பாவுக்குத் தெரியாது."

"அவசரப்படாதே" என்றேன்.

"பஸ்ஸுல ஏ செக்‌ஷன் பிள்ளைக அந்தத் தாளப் பத்தியே பேசீட்டு வருவாங்க. கேக்கறப்ப எனக்குக்கூடப் புரியுதுங்க மேடம். அந்தத் தாளு எங்களுக்கும் ஒண்ணு கெடைக்குமுங்களா?"

பி செக்‌ஷனுக்குக் கிடையாதுமா, ஆராய்ச்சி விதி என்றேன். என் குரல் எனக்கே அலுவலகக் குரலாகக் கேட்டது.

"சரிங்க மேடம்" என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. ஏதோ என் நேரத்தை வீணாக்கியது போல மன்னிப்புக் கேட்கிற முகத்துடன் போனாள்.

தனியாக உட்கார வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமே என்று யோசித்தேன். கூடாது. நிபந்தனை 4: 'பி பிரிவு மாணவர்களுக்கு ஆய்வாளர் தனிப்பட்ட பயிற்சி அளிக்கலாகாது.' அதுவும் நான் எழுதியதுதான். எவ்வளவு கெட்டிக்காரத்தனமாக எழுதியிருக்கிறேன், ஒரு சந்து பொந்து இல்லை.

செப். 15, திங்கள்

எச்.ஓ.டி.யிடம் போனேன். வித்தியாசம் தெரிந்துவிட்டது, இனி பி-க்கும் தாள் கொடுத்துவிடலாமா என்று கேட்டேன்.

தேநீர் வரவழைத்தார். மறுக்கப் போகிறார் என்றால் தேநீர் வரும்.

"உங்க மனசு புரியுதுங்க மேடம். ஆனா பாதியில நிறுத்துனா அது ஆராய்ச்சி இல்லீங்களே. ஒரு டெஸ்ட்டு வெச்சு என்ன சொல்ல முடியுமுங்க? ரெண்டாவது இன்டர்னல் முடியட்டும். அக்டோபர் ஒம்போது கமிட்டி வருதுங்க, அவங்க கிட்ட கேளுங்க."

"அதுக்குள்ள செமஸ்டரே முடிஞ்சிரும் சார்."

"நீங்களாக் கேட்டு வாங்குனதுங்களே" என்றார், வருத்தத்தோடுதான்.

பல்கலைக்கழக ஒருங்கிணைப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒரு மணி நேரத்தில் பதில், இவ்வளவு வேகமாக அவர்கள் பதில் போட்டதே இல்லை. 'இடைக்கால ஆய்வின்போது எழுப்பலாம்.' அக். 9.

கண்ணாடி வாங்கியாயிற்று. பாப்பாவுக்கு ஃப்ரேம் பிடிக்கவில்லை.

செப். 17, புதன்

காலையில் தோசை சுடும்போது இவரிடம் சொன்னேன். இவர் பம்ப் கம்பெனியில், இரும்பை உருக்கி அச்சில் ஊற்றும் வார்ப்படப் பிரிவு சூப்பர்வைசர். எங்கள் வீட்டில் எந்தப் பிரச்சினையும் கடைசியில் வார்ப்படத்துக்குப் போய்விடும்.

"நாங்களும் இதத்தான பண்றோம். புது மண்ணு வந்தா பாதி அச்சு புதுசுல, பாதி பழசுல. பழசுல ஊத்துனது ஓட்டை விழுந்தா ஒடச்சு மறுபடியும் உருக்கிக்குவோம்."

"பிள்ளைகள மறுபடியும் உருக்க முடியுமா?"

"அது நீ எழுதிக் குடுக்கறக்கு முன்னால யோசிச்சிருக்கோணும்." தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். எச்.ஓ.டி. சொன்ன அதே வார்த்தை, தேநீர் மட்டும் இல்லை.

அடுத்த தோசையைக் கருக்கிவிட்டேன். வேண்டுமென்றுதான்.

இன்று பி-யில் சௌம்யா கை தூக்கவில்லை. சந்தேகம் இருக்கிறதா என்று மூன்று தடவை கேட்டேன், பழைய நோட்டில் அப்படிக் கேட்பதாக இல்லை. யாரும் வாய் திறக்கவில்லை. கேட்டால் என்ன கிடைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. ஏ-யிலிருந்து வெளியே வரும்போது குரல் கட்டிப்போகிறது, பி-யிலிருந்து வரும்போது கழுத்து வலிக்கிறது. முதுகைக் காட்டிக்கொண்டே எழுதுகிறேன் இல்லையா.

ராஜினாமா, நல்கையைத் திருப்பிக் கொடுப்பது, மெடிக்கல் லீவு. மூன்றையும் யோசித்தாயிற்று. திருப்பிக் கொடுத்தால் ஏ-யிலும் தாள் நின்றுபோகும், பாடத்திட்டத்துக்கு வெளியே எதையும் செய்யக் கல்லூரி விடாது. லீவு போட்டால் பதிலுக்கு வருகிறவர் இரண்டு செக்‌ஷனுக்கும் நோட்ஸ் சொல்லி எழுத வைப்பார். எந்தப் பக்கம் போனாலும் சுவர்.

செப். 22, திங்கள்

லேசான தூறல்.

தாள் 9. திரும்ப வாங்கி எண்ணினால் 61. மறுபடி எண்ணினேன். எண் 37 இல்லை. அது தீபிகாவுடையது, ஏ-யின் முதல் பெஞ்ச். கூப்பிட்டுக் கேட்டேன்.

"தொலைஞ்சு போச்சுங்க மேடம்." என் கண்ணைப் பார்த்துத்தான் சொன்னாள், ஆனால் காது சிவந்துவிட்டது. தீபிகாவும் தொண்டாமுத்தூர் பஸ்.

ஐந்தாம் பீரியட். பி-யில் எழுத விட்டுவிட்டு வரிசைக்குள் நடந்தேன். சௌம்யாவின் நோட்டு திறந்திருந்தது. நான் போர்டில் எழுதிய கணக்கு இடப்பக்கம். வலப்பக்கம் என் தாள் 9, கையால் காப்பி எடுத்தது, எழுத்துக்கு எழுத்து. நான் வைத்த தப்பையும் விடவில்லை. அந்த வரியைச் சுற்றிப் பென்சில் கட்டம். பக்கத்தில் தமிழில்: 'இங்கதான் ஏமாத்தறாங்க.'

புரட்டிய பக்கங்களில் 6, 7, 8 எல்லாம், பஸ்ஸில் ஏ பிள்ளைகள் ஞாபகத்திலிருந்து சொல்லச் சொல்ல எழுதியவை, இருந்திருக்க வேண்டும், நோட்டு தடித்திருந்தது.

அவள் கையை நோட்டின் மேல் வைத்து மறைத்தாள். நான் நிற்கவில்லை. அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டேன். ஜன்னல் பக்கம் திரும்பி நின்று, சிரிப்பு அடங்கும் வரை வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை நாளில் பி-யில் நான் சிரித்தது இன்றுதான்.

கள நோட்டில் 'தாள் 9, எண் 37 திரும்பவில்லை, காணாமல் போனதாக மாணவி தெரிவித்தார்' என்று எழுதினேன். பி பற்றிய இடத்தில் ஒன்றும் எழுதவில்லை. எழுத வேண்டும். எழுதமாட்டேன்.

செப். 26, வெள்ளி

துணி ஊறவைத்துவிட்டு மறந்து வந்துவிட்டேன். பாப்பாவுக்கு ஃபோன் போட்டு அலசச் சொன்னேன். மாட்டேன் என்றாள்.

மாலை பஸ் கிளம்பும் நேரம். தொண்டாமுத்தூர் வண்டியில் கடைசி மூன்று சீட்டும் ஒரே கூட்டம். ஏ-யும் பி-யும் கலந்து, முட்டி மேல் நோட்டு. தீபிகா யாரிடமோ, "மொதல்ல நீ சொல்லு, அப்பறம் நான் சொல்றேன்" என்கிறாள். இது என் வகுப்பு விதி. அப்படியே எடுத்துப் போயிருக்கிறார்கள்.

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்து, "ஒரு மணி நேரம் இதே ரோதனைங்க மேடம். முன்னெல்லாம் பாட்டுப் போடச் சொல்லுவாங்க, இப்ப பாட்டை நிறுத்தச் சொல்றாங்க" என்றார்.

என் ஆராய்ச்சி கெட்டுப்போய்க்கொண்டிருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு கேட் வரை சும்மா நடந்து போனேன்.

அக். 1, புதன்

ஆயுத பூஜை. இவர் கம்பெனியிலிருந்து பொரி, சுண்டல், ஒரு எவர்சில்வர் டிபன் பாக்ஸ். வீட்டில் மிக்ஸிக்கும் ஸ்கூட்டருக்கும் பொட்டு. பாப்பா புத்தகத்தை எல்லாம் சாமி முன்னால் வைத்துவிட்டுப் படிக்க முடியாது என்று நிம்மதியாக டி.வி. பார்த்தாள்.

திங்கள், செவ்வாய் இரண்டாவது இன்டர்னல் முடிந்தது. விடைத்தாள் கட்டுகள் அலமாரியில். திருத்துவது வேறொரு ஆசிரியர், எண் மட்டும் தெரியும், பெயர் தெரியாது. அதுவும் நான் கேட்ட நிபந்தனை. ஒன்றைக்கூட விடவில்லை நான்.

ஒரு பக்கம் பி ஏறியிருக்க வேண்டும் என்று இருக்கிறது. ஏறினால் மாட்டிக்கொள்வோம் என்று இன்னொரு பக்கம். இன்னொரு கிண்ணம் சுண்டல் போட்டுக்கொண்டேன்.

அக். 6, திங்கள்

வெயில். புழுக்கம்.

ஏறிவிட்டார்கள். எல்லோரும் அல்ல. ஆனால் மேல்கோட்டுக்கும் கீழ்க்கோட்டுக்கும் நடுவே இருந்த இடைவெளி பாதியாகக் குறைந்துவிட்டது. சௌம்யா 34.

எச்.ஓ.டி. அறைக்குக் கூப்பிட்டார். தேநீர் இருந்தது. மேசையில் பி விடைத்தாள்கள் பரப்பி வைத்திருந்தார்.

"இந்தக் கட்டம் ஏ செக்‌ஷன் பழக்கமல்லங்களா மேடம்?"

ஒவ்வொன்றாகத் திருப்பிக் காட்டினார். பென்சில் கட்டங்கள். அழிக்கக்கூட இல்லை அந்தப் பைத்தியங்கள். ஒளித்து வாங்கிப் படித்துவிட்டு, பரீட்சைத் தாளில் முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள்.

வாயில் வந்ததைச் சொன்னேன். "நான்தான் சார் கொடுத்தேன். பி-க்கும்."

அவர் ஒரு பட்டியலை எடுத்தார். "கட்டம் போட்டது பதினாறு பேருங்க. பதினாறும் தொண்டாமுத்தூர் பஸ். நீங்க குடுத்திருந்தா ஹாஸ்டல் பிள்ளைகளும் போட்டிருக்கோணுமுங்களே."

கணக்கு வாத்தியார். பொய்யைக்கூட மூன்று வரியில் தீர்த்துவிடுகிறார்.

பிறகு நடந்தது, அவர் சொன்ன வரிசையில்:

கமிட்டிக்குக் காரணம் சொல்லியாக வேண்டும். தாள் திருடப்பட்டது என்றால் ஒழுங்குக் குழு. விசாரித்தால் தீபிகா, சௌம்யா இருவர் பெயரும் வெளியே வரும், செமஸ்டர் எழுத விடுவார்களா தெரியாது. முறை பயனில்லை என்று எழுதினால் அத்தோடு தாள்களுக்கு மூடுவிழா. மூன்றாவது வழி: யார் பெயரும் இல்லாமல், 'இரு பிரிவு மாணவர்களும் ஒரே பேருந்தில் பயணிப்பதால் கலப்பு ஏற்பட்டது' என்று எழுதி, இன்னொரு வருடம் நீட்டிக்கக் கேட்பது.

"பிள்ளைக பேரு வராதுங்க, நான் பாத்துக்கறனுங்க" என்றார். "ஆனா அடுத்த வருஷம் கலக்காம இருக்க வழி சொல்லோணும். ஹாஸ்டல் பிள்ளைகளையெல்லாம் ஏ-வுல போட்டர்லாம். பஸ் பிள்ளைக எல்லாத்தையும் பி-யில. சாயங்காலம் அஞ்சு மணிக்கு மேல ரெண்டும் பாத்துக்கவே முடியாதுங்க."

பஸ் பிள்ளைகள் என்றால் தொண்டாமுத்தூர், ஆலாந்துறை, கிணத்துக்கடவு. பாதிக்கு மேல் தமிழ் மீடியம். வீட்டில் கணக்குச் சொல்லித்தர ஆள் இல்லாதவர்கள். எனக்குத் தாள் போடத் தோன்றியதே அவர்களைப் பார்த்துத்தான்.

சொன்னேன், இதையேதான் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "ஒரு வருஷந்தானுங்களே மேடம்" என்றார். அவர் குரலிலும் தெம்பில்லை. யோசித்துச் சொல்லுங்கள் என்று தேநீரைத் தள்ளி வைத்தார். ஆறிப்போயிருந்தது, குடித்தேன்.

அக். 7, செவ்வாய்

யோசித்தேன். ஒன்றும் தோன்றவில்லை.

முறுக்கு மாவு அரைக்கக் கொடுக்க வேண்டும், தீபாவளிக்கு இரண்டு வாரம்கூட இல்லை.

ஆபீசுக்குப் போனபோது கிளார்க் அம்மா, "உங்க வகுப்புப் புள்ள ஒண்ணு டி.சி. ஃபாரத்தைத் திருப்பிக் குடுத்துட்டுப் போச்சுங்க மேடம். எழுதாமயே. இப்படி யாருமே திருப்பிக் குடுத்ததில்ல, கண்ணு, நீ வெச்சுக்கன்னு சொன்னேன், வேண்டாமுங்கன்னு வெச்சுட்டு ஓடிப்போச்சு" என்றார்.

மாடிப்படி ஏறும்போது அழுகை வந்தது. நல்ல அழுகைதான், ஆனால் அதற்குள்ளேயே, இனி நான் அவள் பெயரைக் கொடுக்கவே முடியாது என்பதும் தெரிந்துவிட்டது.

அக். 9, வியாழன்

கமிட்டி. மூன்று பேர். நரைமீசைக்காரரும் வந்திருந்தார். வடை நன்றாக இருந்தது என்று இரண்டு தடவை சொன்னார்.

எச்.ஓ.டி. பேருந்துக் கலப்பை விளக்கினார். அவர்கள் கோபப்படவில்லை. ரசித்தார்கள். "இதுவே ஒரு கண்டுபிடிப்பு" என்றார் குழுவில் இருந்த அம்மா. நான் இடையில் புகுந்தேன். கலந்ததால்தான் பி தேறியது, அப்படியென்றால் முறை வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம், இதற்கு மேல் ஒரு பி எதற்கு என்று கேட்டேன்.

நரைமீசைக்காரர் அன்பாகத்தான் பேசினார். "அது உங்க நம்பிக்கைம்மா. நிரூபணம் வேணுமில்லையா? நேர்காணல்ல நீங்க சொன்ன பதிலுக்காகத்தான் உங்களுக்கு ஓட்டுப் போட்டேன்."

பிறகு கேட்டார், "கலந்தது பஸ்ஸிலதான்னு எப்படி உறுதியாச் சொல்றீங்க? யாராவது தாளை எடுத்துக் கொடுத்திருந்தா?"

எச்.ஓ.டி. என்னைப் பார்த்தார். ஆய்வாளர் நான், பதில் நான் சொல்ல வேண்டும். மேசையில் நீட்டிப்புப் படிவம், ஹாஸ்டல் ஏ, பஸ் பி என்று தட்டச்சு செய்து, கையெழுத்துக்கு இடம் விட்டு.

"அப்படி யாரும் இல்லைங்க சார். பேச்சுவாக்குல பரவுனதுதான்" என்றேன்.

பேனாவை நரைமீசைக்காரரே நீட்டினார். போட்டேன். தேதியும் போட்டேன்.

எழுந்து போகும்போது கைகுலுக்கினார்கள். எச்.ஓ.டி. மட்டும் குலுக்கவில்லை, மேசையிலிருந்த தட்டுகளை அடுக்க ஆரம்பித்தார், பியூன் செய்கிற வேலை.

அக். 10, வெள்ளி

மழை. குடை பஸ்ஸிலேயே போய்விட்டது.

வகுப்பு இரண்டும் நடந்தது. பி-யில் போர்டு, சாக்பீஸ். சௌம்யா குனிந்து எழுதினாள். இடப்பக்கம் என் கணக்கு. வலப்பக்கத்தைப் பார்க்காமல் நடந்தேன்.

சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் நனைந்துகொண்டே ஓடிவந்தாள். முப்பத்துநாலுக்கு நன்றி சொல்ல வந்தாளாம். எனக்கு எதற்கு நன்றி, நீ படித்தாய் என்றேன். சிரித்தாள். போகவில்லை.

"எங்க ஸ்டாப்புல ஏறுற ஃபர்ஸ்ட் இயர் பிள்ளைக நாலு பேரு இருக்கறாங்க மேடம். அவங்களும் தமிழ் மீடியந்தானுங்க. இப்பவே பயந்துட்டு இருக்கறாங்க. அடுத்த வருஷம் உங்க வகுப்பு வரும், பயப்படாதீங்கன்னு சொல்லிப்போட்டனுங்க." மூச்சு வாங்கிக்கொண்டாள். "அவங்களுக்கு அந்தத் தாளு நேராவே கெடைக்குமுங்களா மேடம்? எங்களாட்ட ஒளிச்சு வாங்காம?"

டிரைவர் அண்ணன் ஹாரன் அடித்தார்.

கிடைக்கும் என்று சொல்லிவிட்டேன்.